போனில் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு: சாம்பிளையும் புராஜெக்டையும் அடுக்கி வைக்கும் வழி

"அண்ணே, கோயில் கொடையில வில்லுப்பாட்டுல எடுத்த அந்தக் குடம் சத்தம் இருக்குல்லா, அத அனுப்புங்க" என்று தக்கலையில் இருந்து ஒரு தம்பி போன் செய்தான். இருந்தது. ரெக்கார்டர் ஆப்பில் 'வாய்ஸ் 43' முதல் 'வாய்ஸ் 117' வரைக்குள் எங்கேயோ இருந்தது. ஒன்றைத் திறந்தால் தகரக் கூரையில் மழை, அடுத்ததில் பக்கத்து வீட்டு மிக்ஸி, அதற்கடுத்ததில் நானே ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருக்கிறேன். முக்கால் மணி நேரம் தேடிவிட்டு, "சவத்த விடு மக்கா, வேற குடம் அடிச்சு எடுப்போம்" என்றேன். வேறு குடம் அடித்தோம். அந்த ஓசை வரவில்லை.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கிறிஸ்துமஸ் கேரல் டிராக், குறும்பட இசை, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி என்று முழு வேலையையும் போனிலேயே முடிக்கிற பிள்ளைகளை இப்போது பார்க்கிறேன். ஒருவன் எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் வைத்திருப்பான், ஒருவன் பேண்ட்லேப், ஐபோன்காரன் கராஜ்பேண்ட், இன்னொருத்தி கோவாலா சாம்ப்ளர், எல்லாம் பாட்டுக் கட்டும் ஆப்கள். பாட்டுக் கட்டச் சொல்லித்தர யூடியூப்பில் ஆயிரம் பேர் உண்டு. கட்டியதை எங்கே வைப்பது என்பதை அவரவர் ஒரு அடி வாங்கித்தான் கற்றுக்கொள்கிறார்கள். நான் வாங்கியதை வைத்து, புதிதாக இறங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். சாம்பிள் என்றால் பாட்டில் போடுவதற்காக எடுத்த ஓசைத் துண்டு, புராஜெக்ட் என்றால் ஆப்பில் கட்டிக்கொண்டிருக்கும் பாட்டு.

ஒரு குறிப்பு: ஃபைல் பெயர்களை இங்கே தமிழில் காட்டுகிறேன். போனில் அடிக்கும்போது ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள். தமிழ்ப் பெயருள்ள ஃபைலைத் திறக்கச் சில ஆப்கள் முரண்டு பிடிக்கும்.

முதல் படி: ஆப் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

உங்கள் ஆப்பில் வெறும் புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, நாலு அடி அடித்து, 'சாளைமீன்' என்று பெயர் போட்டுச் சேமியுங்கள். ஆப்பை மூடிவிட்டு, போனில் உள்ள ஃபைல்ஸ் ஆப்பில் அந்தப் பெயரைத் தேடுங்கள். வந்தால் நல்லது, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். வரவில்லை என்றால், ஆப் தன் சொந்த அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது என்று பொருள். ஆண்ட்ராய்டு 11 வந்ததில் இருந்து ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று உள்ள ஃபோல்டருக்குள் வைப்பதை மற்ற ஆப்கள் எட்டிப் பார்க்க முடியாது. அங்கே இருப்பது வெளியே வர நேரான வழி, அந்த ஆப்பே தருகிற 'ஷேர்' அல்லது 'எக்ஸ்போர்ட்'.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு டிசம்பரில் நான் பட்டது இன்னும் எரிகிறது. கேரல் பாட்டுக்காரர்களுக்கு ஒன்பது டிராக் செய்து வைத்திருந்தேன். போனில் இடம் நிறைந்து, ஆப் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போட்டால் சரியாகும் என்று எவரோ சொல்ல, நானும் செய்தேன். ஆப் சரியாகிவிட்டது. பச்சைப் பிள்ளை மாதிரி, உள்ளே ஒன்றுமே இல்லாமல் திறந்தது. ஆண்ட்ராய்டில் ஆப்பை எடுத்தால் அதன் அறையும் சேர்ந்தே போகும். செட்டிங்ஸில் 'கிளியர் டேட்டா' கொடுத்தாலும் அதே கதிதான். 'கிளியர் கேஷ்' வேறு, அது புராஜெக்டைத் தொடாது. இந்த இரண்டு பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் கொடுமை.

ஐபோனில் கராஜ்பேண்ட் பாட்டுகள் ஃபைல்ஸ் ஆப்பிலேயே தெரியும். 'ஆன் மை ஐபோன்' என்பதன் கீழ் இருந்தால் ஆப்பை நீக்கும்போது அவையும் போகும், ஐகிளவுடில் இருந்தால் தங்கும். இடம் வேண்டுமென்றால் 'டிலீட்' கொடுக்காமல் 'ஆஃப்லோட்' கொடுங்கள். ஆப் போனாலும் உள்ளே இருப்பது நிற்கும்.

பேண்ட்லேப் போன்றவை சேமிப்பதைத் தங்கள் சர்வருக்கே ஏற்றிவிடும். ஒவ்வொரு முறை சேமிப்பதையும் தனித்தனித் திருத்தமாக வைத்துக்கொள்வதால் முந்தாநாள் இருந்த நிலைக்குத் திரும்பலாம். அந்த வசதிக்கு அதை மெச்சவேண்டும். ஆனால் பேச்சிப்பாறைப் பக்கம் டவர் கிடைக்காத இடத்தில் உட்கார்ந்து ஏற்ற முடியாது, பாஸ்வேர்ட் மறந்தாலும் சங்கடம்.

இரண்டாம் படி: ஆப்புக்கு வெளியே ஒரு வீடு

ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து, போனின் உள் மெமரியில் ஒரே ஒரு பெரிய ஃபோல்டர் போடுங்கள். என்னுடையதன் பெயர் 'பாட்டுவேலை'. அதற்குள் நாலு: வரவு, ஓசை, பாட்டு, முடிந்தது.

'வரவு' என்பது வீட்டுத் திண்ணை. வாட்ஸ்அப்பில் வந்தது, ரெக்கார்டரில் எடுத்தது, நெட்டில் இறக்கியது எல்லாம் முதலில் இங்கே விழட்டும். கூட்டிப் பெருக்கும்வரை உள்ளே விடாதீர்கள். 'ஓசை'யில் வெட்டிச் சுத்தம் செய்த சாம்பிள்கள். 'பாட்டு'க்குள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர். 'முடிந்தது' என்பதில் ஆளிடம் கொடுத்துக் காசு வாங்கியவை.

மெமரி கார்டில் இதைப் போடலாமா என்று கேட்பார்கள். நான் போடமாட்டேன். கார்டைக் கழற்றினால் ஆப்புக்கு ஓசை கிடைக்காது, மலிவுக் கார்டு என்றால் பாட்டு ஓடும்போதே திக்கும்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். 'ஓசை' ஃபோல்டருக்குள் வெற்று ஃபைல் ஒன்றை உருவாக்கி, முன்னால் ஒரு புள்ளி வைத்து 'நோமீடியா' (.nomedia) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் கொடுங்கள். ஆண்ட்ராய்டு போனின் மியூசிக் பிளேயர் அந்த ஃபோல்டரை விட்டுவிடும். இல்லாவிட்டால் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கும்போது, இரண்டு மெலடிக்கு நடுவே 'டும்' என்று அரை விநாடி கிக் டிரம் விழும். என் வீட்டில் இதை வைத்து ஒரு மாதம் சிரித்தார்கள்.

மூன்றாம் படி: ஓசைகளைப் பிரிப்பது

முதலில் நான் ஊர்வாரியாகப் பிரித்தேன். முட்டம், குளச்சல், மண்டைக்காடு, வடசேரி என்று ஃபோல்டர்கள். பார்க்க அழகாக இருந்தது. பாட்டுக் கட்ட உட்கார்ந்தால் ஒன்றும் கைக்கு வரவில்லை. அந்த நேரத்தில் மனசு தேடுவது கனமான ஒரு அடியை. 'மண்டைக்காட்டில் எடுத்த ஏதோ ஒன்று' யாருக்கும் வேண்டாம். அதனால் ஓசை என்ன வேலைக்கு ஆகும் என்பதை வைத்துப் பிரியுங்கள், எடுத்த ஊரைப் பெயரில் வால் மாதிரி ஒட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பவை ஐந்து. 'அடி'யில் ஒற்றை அடிகள். 'லூப்'பில் தாளத்தோடு சுற்றிச் சுற்றி வருபவை. 'சுதி'யில் சுதி உள்ள ஒற்றை ஸ்வரங்கள். 'குரல்' சொல்லாமலே புரியும். 'வெளி'யில் சூழல்: முட்டத்துப் பாறையில் அலை மோதுவது, வடசேரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர் பெயர் கூவுவது, விடிகாலையில் வள்ளம் கிளம்பும் இன்ஜின். ஆரல்வாய்மொழிக் காற்றாலையைப் பதிவு செய்யப் போய் மூன்று முறை ஏமாந்தேன். போன் மைக்கில் விழுவது வெறும் படபடப்புதான். மைக் இருக்கும் முனையில் ஒரு தோர்த்தை, அதாவது துண்டை, இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்த பிறகு ஓரளவு கேட்டது.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று ஆழம் போகவேண்டாம். சின்னத் திரையில் மூன்று தட்டுக்கு மேல் போனால் கை சலித்துவிடும். 'அடி' ரொம்பப் பெருத்தால் மட்டும் 'கீழ்', 'நடு', 'மேல்' என்று மூன்றாக உடையுங்கள். குடம், கிக் எல்லாம் கீழே. ஜால்ரா, சலங்கை, வில்லுப்பாட்டில் வில்லை அடிக்கும் வீசுகோலின் மணி மேலே.

நான்காம் படி: வெட்டுவது

இதில் கொஞ்சம் நிற்போம், சாம்பிளின் தரம் இங்கேதான் முடிவாகிறது.

வில்லுப்பாட்டுக் குடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடத்தின் வாயில் பத்தி என்கிற மட்டையால் அடித்தால் அடிவயிற்றில் இறங்குகிற 'தும்'. மண் உடம்பில் காசால் தட்டினால் கூர்மையான ஒரு 'டிங்'. ஒரே குடம்தான், ஆனால் நமக்கு இவை இரண்டு வாத்தியம். குடம் அடிக்கிறவரிடம் சொல்லி, ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று நாலு நாலு அடி, நடுவே மூன்று விநாடி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள்.

அந்தப் பதிவை வெட்டும் ஆப்பில் திறந்து, அலையை நன்றாகப் பெரிதாக்குங்கள். தட்டையாக ஒரு கோடு, திடீரென்று ஒரு மலை. மலை தொடங்கும் இடத்துக்கு மயிரிழை முன்னால் வெட்டவேண்டும். புதியவர்கள் இங்கே சோம்பல்பட்டு 60 மில்லி விநாடி மௌனத்தை விட்டுவிடுவார்கள். 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், ஒரு அடிக்கு 500 மில்லி விநாடி, அதை நாலாக உடைத்தால் ஒரு துண்டு 125. அந்தத் துண்டில் கிட்டத்தட்ட பாதியளவு உங்கள் குடம் பிந்தி விழும். "தாளம் எங்கேயோ இழுக்குது அண்ணே" என்று சொல்வார்கள், காரணம் தெரியாமல் பிபிஎம்மை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

வால் பக்கத்தில் அவசரம் வேண்டாம். குடத்தின் மூச்சு முழுக்க அடங்கும்வரை விட்டு, கடைசியில் ஓசை மெல்லத் தேய்கிற மாதிரி சின்ன ஃபேட் அவுட் வையுங்கள். நடு அலையில் சடாரென்று வெட்டினால் 'டக்' என்று ஒரு சொடக்கு கேட்கும்.

சேமிக்கும்போது ஓசையைச் சுருக்காத வேவ் ஃபார்மேட், சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 வேண்டாம். தரம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், எம்பி3 ஆக்கும்போதே ஃபைலின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் சேர்ந்துவிடும். லூப் ஒவ்வொரு சுற்றுக்கும் தடுக்கி விழும். ஒற்றைக் குடத்துக்கு ஸ்டீரியோவும் தேவையில்லை, மோனோவில் எடுத்தால் இடம் பாதிதான் பிடிக்கும்.

வெட்டாத மூலப் பதிவை அழிக்காதீர்கள். 'வரவு'க்குள் 'கச்சா' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே தள்ளிவிடுங்கள். தம்பி கேட்ட அந்தக் குடத்தின் மூலம் பிறகு 'வாய்ஸ் 88'இல் கிடைத்தது. அதே ஃபைலில் வில்லுப்பாட்டுப் புலவர் குரல் சரிசெய்துகொண்டு இருமுகிற இருமலும் இருந்தது. அந்த இருமலையும் ஒரு குறும்படத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: பெயர்

வாத்தியம், அடித்த விதம், சுதி அல்லது வேகம், ஊர், எண். இந்த வரிசை மாறக்கூடாது. 'குடம்_பத்தி_ஓங்கி_சுசீந்திரம்_01' ஒன்று. 'செண்டை_லூப்_8அடி_132_குலசேகரம்_02' இன்னொன்று. இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம் எல்லாம் வேண்டாம். எண்ணை 01, 02 என்றே போடுங்கள். 1, 2 என்று போட்டால் சில ஆப்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

லூப்பின் வேகம் தெரியாவிட்டால் கணக்கு எளிது. எத்தனை அடி என்று எண்ணி, 60ஆல் பெருக்கி, லூப்பின் நீள விநாடியால் வகுங்கள். 8 அடி 4 விநாடி ஓடினால் 120.

சுதிதான் நம்மூரில் குழப்பம். பாடுகிறவர் "நாலு கட்டை" என்பார், ஆப்பில் எஃப் என்று இருக்கும். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. கறுப்புக் கட்டைகள்தான் அரைக் கணக்கு: ஒன்றரை சி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப். மூன்றரை என்று எதுவும் கிடையாது, இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லையே. ஃபைல் பெயரில் ஆப்பின் எழுத்தையும் கட்டையையும் சேர்த்தே போடுவேன்: 'புல்லாங்குழல்_எஃப்_4கட்டை_01'. நாளைக்கு "இன்னும் அரைக்கட்டை ஏத்துப்பா" என்று பாடகர் சொல்லும்போது விரல் விட்டு எண்ணவேண்டியதில்லை.

ஆறாம் படி: பாட்டு ஃபோல்டர்

ஒவ்வொரு பாட்டுக்கும் தேதியோடு ஒரு ஃபோல்டர். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் தானாகவே காலவரிசையில் நிற்கும்: '2025_11_30_கேரல்_நட்சத்திரம்'. உள்ளே புராஜெக்ட், அந்தப் பாட்டில் பயன்படுத்திய சாம்பிள்களின் நகல், ஒரு குறிப்பு ஃபைல்.

நகல் எதற்கு? பல ஆப்களில் புராஜெக்ட் ஃபைலுக்குள் ஓசை இருக்காது, ஓசை இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருக்கும். ஃபோல்டர் பெயரை மாற்றினால் விலாசம் தப்பிவிடும், பாட்டைத் திறக்கும்போது டிராக் ஊமையாக நிற்கும். சில ஆப்கள் சாம்பிளை உள்ளே இழுக்கும்போதே தானே ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். உங்களுடையது எந்த ரகம் என்று பார்க்க அந்தச் 'சாளைமீன்' புராஜெக்டே போதும். ஒரு சாம்பிளைப் போட்டுச் சேமித்து, வெளியே அந்தச் சாம்பிளின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். ஓசை வந்தால் ஆப் நகல் வைத்திருக்கிறது. வராவிட்டால் 'ஓசை' ஃபோல்டரில் எதையும் இனி பெயர் மாற்றாதீர்கள். முதலிலேயே நன்றாகப் பெயர் வையுங்கள் என்று இவ்வளவு நேரம் நச்சரித்தது இதற்குத்தான்.

பதிப்புகளுக்கு 01, 02, 03. பெரிய மாற்றம் செய்யும் முன் 'சேவ் ஆஸ்' கொடுத்து அடுத்த எண்ணுக்குப் போங்கள். 'ஃபைனல்' என்ற சொல்லையே தொடவேண்டாம். பிறகு 'ஃபைனல்_புதுசு', 'ஃபைனல்_புதுசு_சரி', 'ஃபைனல்_பாஸ்டர்_சொன்னது' என்று வரிசை கட்டும். என்னிடம் இருந்தது, எது கடைசி என்று கடைசிவரை தெரியவில்லை.

குறிப்பு ஃபைலில் வேகம், கட்டை, யார் பாடியது, எந்த எஃபெக்ட், பாக்கிக் காசு. பாடியவரிடமும் வாசித்தவரிடமும் இதை வேறு பாட்டிலும் பயன்படுத்தலாமா என்று கேட்டு, சொன்ன பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். நெட்டில் இறக்கிய சாம்பிள் என்றால் உரிம விவரத்தையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். ஃப்ரீசவுண்டு தளத்திலேயே சிலது எப்படியும் பயன்படுத்தலாம், சிலதற்குச் செய்தவர் பெயர் போடவேண்டும், சிலதை வைத்துக் காசு பார்க்கக்கூடாது.

ஏழாம் படி: தனித்தனி டிராக்காக வெளியே எடுப்பது

பாட்டு முடிந்ததும் மிக்ஸ் ஆன ஒரே ஃபைலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குரல், குடம், செண்டை என்று பாட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவாக எடுங்கள். எல்லாம் பாட்டின் முதல் விநாடியில் இருந்தே தொடங்கவேண்டும். பாடகர் இரண்டாம் நிமிடத்தில்தான் வாய் திறக்கிறார் என்றாலும் அவர் டிராக்கில் முன்னால் இரண்டு நிமிட மௌனம் இருக்கட்டும். அப்போதுதான் எந்த ஆப்பில், எந்தக் கணினியில் போட்டாலும் தானாகப் பொருந்தும். ஒரு ஆப்பின் புராஜெக்டை இன்னொரு ஆப் பெரும்பாலும் திறக்காது. வேவை எல்லாமே திறக்கும். எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு மட்டும் இருக்கும் மிடி ஃபைல் எடுக்க வசதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. நாலு நிமிடப் பாட்டு, 12 டிராக் என்றால் 480 எம்.பி. கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜி.பி.யில் இப்படி 30 பாட்டு. அதே 15 ஜி.பி.யில்தான் உங்கள் ஜிமெயிலும் போட்டோக்களும் குடியிருக்கின்றன என்பதால் உண்மையில் இன்னும் குறையும்.

அதனால் நான் செய்வது: போனில் ஒன்று, ஓடிஜி என்கிற இணைப்பான் வைத்துப் போனில் மாட்டும் பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. பாட்டு ஃபோல்டரை ஜிப் ஆக்கிவிட்டால் ஒரே ஃபைல், ஏற்றுவது எளிது. பென் டிரைவைப் போனோடு சேர்த்து ஒரே பையில் வைக்காதீர்கள். பை போனால் இரண்டும் போகும்.

எட்டாம் படி: அனுப்புவது

வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் நீங்கள் பாடுபட்டு வைத்த பெயர் போய், தேதியும் எண்ணுமாக ஒரு மொட்டைப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பெயரும் நிற்கும், ஃபைலும் அப்படியே போகும். நிறைய இருந்தால் ஜிப். வாங்குகிறவர் 'வரவு' ஃபோல்டரில் வைத்து அவிழ்த்துக்கொள்வார்.

'வரவு'வைக் காலி செய்ய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சரிப்படுகிறது. சாப்பிட்ட பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம். கேட்டதும் வேண்டாம் என்று தோன்றுவதை உடனே அழித்துவிடுவேன், யோசித்தால் எதையும் அழிக்க மனசு வராது. போன வாரம் அந்தத் தக்கலைத் தம்பி மறுபடி கூப்பிட்டு, மழை சத்தம் இருக்கா என்றான். ஓட்டு மேல விழுததா, தகரத்துல விழுததா, ரப்பர் இலையில விழுததா என்று கேட்டேன். தகரம் என்றான். போனை வைப்பதற்குள் அனுப்பிவிட்டேன், டாக்குமென்டாக.